மர்ஃபி கேன்யன் விமான விபத்து: அண்ணன் மகள் கவனத்துக்கு

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

தெற்குத்தெரு அண்ணன் தன் மகள் கலிஃபோர்னியாவில் சின்ன விமானம் ஓட்டப் படிப்பதாக எழுதியிருந்தார். ரொம்பச் சந்தோஷம் அண்ணா. படிப்பது கடற்கரைப் பக்கம் என்றதால், எங்கள் சான் டியேகோவில் 2025 மே 22 அன்று நடந்ததை அவளுக்காக எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியின் டீட்டர்பரோவிலிருந்து கிளம்பி, கான்சஸில் எரிபொருள் போட்டுக்கொண்டு வந்த செஸ்னா சைட்டேஷன் என்ற சிறிய ஜெட் விமானம் அது. அதிகாலை 3.45 மணி வாக்கில் எங்கள் ஊரின் மாண்ட்கோமரி விமான நிலையத்தில் இறங்க வந்தபோது, ஓடுபாதைக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் முன்னால் மின்கம்பிகளில் இடித்து மர்ஃபி கேன்யனில் விழுந்தது. ராணுவக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு. எரிபொருள் தெருவில் ஓடி, நிறுத்தியிருந்த கார்கள் பற்றி எரிந்தன. விமானத்தில் இருந்த 6 பேரும் போய்விட்டார்கள். தரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

நம் ஊர் மார்கழிப் பனி வயலில் பிறந்து, வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இங்கே மே, ஜூன் மாதங்களில் வருவது வேறு. குளிர்ந்த பசிபிக் நீரோட்டத்தின் மேல் ஈரக்காற்று குளிர்ந்து தாழ்ந்த மேகமாகி, இரவில் கரையேறுகிறது. கடலை ஒட்டிய பெரிய விமான நிலையத்தில் நின்று பார்த்தால் மேகம் தலைக்கு மேலே இருக்கும். மாண்ட்கோமரியோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 427 அடி உயர மேட்டில் இருக்கிறது. கீழே மேகமாகத் தெரிவதுதான் அந்த மேட்டில் மூடுபனி. அதனால் கரையில் வானம் பரவாயில்லை என்பதை வைத்து மேட்டு நிலையத்தைக் கணக்கிடவே கூடாது. இதை அவள் அழுத்தமாக மனதில் வைக்கட்டும்.

அன்றைக்கு அந்த நிலையத்தின் தானியங்கி வானிலைக் கருவி வேலை செய்யவில்லை. விமானிக்குக் கிடைத்தது சில மைல் வடக்கே உள்ள மிராமர் படைத்தளத்தின் தகவல்: பார்வைத் தூரம் அரை மைல், மேகம் 200 அடியில். ஓடுபாதையை நெருங்கும்போது கண்ணுக்கு வழிகாட்டும் விளக்கு வரிசையும் 2022 முதலே பழுது. அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது. இத்தனையும் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன. விளக்கைச் சரிசெய்ய மூன்று வருடம் போதவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வெளியே எதுவும் தெரியாமல் விமானத்தின் கருவிகளை நம்பி இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் வரைதான் வரலாம். அங்கே ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும் என்று தோன்றும், அதிலும் ராத்திரி முழுக்கப் பறந்து களைத்து வந்தவருக்கு. எனவே கடலிலிருந்து உள்ளே தள்ளி, பனி இல்லாத இடத்தில் இருக்கும் மாற்று நிலையம் ஒன்றைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, அதுவரை போக எரிபொருளும் வைத்திருக்கச் சொல்லுங்கள் அண்ணா. அப்படி அவள் வேறு எந்த ஊரில் இறங்கினாலும் காரை எடுத்துக்கொண்டு நான் வந்து கூட்டி வருகிறேன், நடு ராத்திரி என்றாலும் சரி.

ஜூனில் லீவு இருந்தால் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அதிகாலையில் கடற்கரைக்கும் அந்த மேட்டுக்கும் அழைத்துப்போய், ஒரே மேகம் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கிறது என்று காட்டுகிறேன்.