ரெண்டு மணித்தியாலக் கணக்கும் ஆள் வைக்கிற நேரமும்

காலிவீதிக்காரன் | மாலை 6.12

பக்கத்துத் திரியில எங்கட தாதி, மிஸ்ஸி அக்கா, நேற்று எழுதினது இது: “படுக்கையில இருக்கிறவங்கள, புண் வராம இருக்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராவும் பகலும், வீட்டு ஆக்களால புரட்ட முடியலன்னா அன்னைக்கே சம்பளத்துக்கு ஆள் வைக்கணும். வேற அளவுகோல் தேவையில்ல.” கீழ வரிசையா கைகூப்பு.

இந்த ரெண்டு மணித்தியாலத்தை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வைச்சிருக்கிறீங்கள். ஒரு நாளைக்கு 12 தரம். இரவு 10, 12, 2, 4. வெள்ளவத்தை ஃபிளாட் ஒண்டில வேலைக்குப் போற மகனும் மருமகளும் இதைச் செய்ய ஏலாது எண்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்ப படுக்கையில ஆள் கிடக்கிற வீடு எல்லாத்திலயும் முதல் நாளே ஆள் வைக்க வேணும். இது அளவுகோல் இல்லை, வெருட்டு.

இங்கிலாந்தில மருத்துவ வழிகாட்டல் எழுதுற நைஸ் அமைப்பு, 2014: படுக்கைப் புண் வரக்கூடியவருக்குக் குறைஞ்சது 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஆபத்துக் கூடினவருக்குக் குறைஞ்சது 4. ரெண்டு எங்க இருக்கு எண்டு காட்டுங்கோ.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | மாலை 6.41

தம்பி கடுதாசி வாசிக்கிறீங்க. “குறைஞ்சது” என்ற சொல்ல நீங்களே எழுதிட்டு நீங்களே தாண்டிப் போயிட்டீங்க. குறைஞ்சது 4ன்னா 4 போதும்னு அர்த்தமில்ல.

தானா ஒரு விரல் அசைக்காத ஆள், நனைஞ்ச பம்பர்ஸ், தும்பு மெத்தை, ஏப்ரல் வெக்கை. நாரிக்குக் கீழ உள்ள எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை நசுங்கி ரத்தம் ஓடாம நிக்குது. முதல்ல சாகிறது தோல் இல்ல, எலும்ப ஒட்டின தசை. மேல ஒரு ரூபாக் காசு அளவு கறுப்புத்தான் தெரியும். அது திறக்கிற அன்னைக்கு உள்ள முஷ்டி போற பள்ளம் இருக்கும். நான் சொன்னது ரெண்டு மணித்தியாலம். ரெண்டேதான்.

காலிவீதிக்காரன் | மாலை 6.58

2013ல வெளிவந்த ஆய்வு. அமெரிக்கா, கனடாவில 27 முதியோர் இல்லம், 942 பேர். 2 மணித்தியாலம், 3, 4 எண்டு மூண்டு கூட்டமாப் பிரிச்சுப் புரட்டிப் பாத்தவை. புண் வந்ததில கணக்கெடுக்கிற வித்தியாசம் ஒண்டும் இல்லை. கடுதாசிதான். 942 பேரின்ர தோலில எழுதின கடுதாசி.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | மாலை 7.05

எந்த மெத்தையில?

காலிவீதிக்காரன் | மாலை 7.09

ஸ்பொஞ்ச் மெத்தையில.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | மாலை 7.11

முழுசாச் சொல்லுங்க. அடர்த்தி கூடின, அழுத்தம் குறைக்கிற நுரை மெத்தை. எல்லாருக்கும் அதுதான். அதோட ஒவ்வொரு தடவையும் தோலப் பாத்து எழுதின ஆக்கள். நம்ம வீட்டுல கல்யாணத்துக்கு வாங்கின தும்பு மெத்தை, நடுவுல குழி, மேல ரப்பர் ஷீட், அதுக்கு மேல மடிச்ச சாரம். இதுல எங்க உங்க 942?

ஸ்கார்பரோ_தம்பி | இரவு 7.30

ஏன் இவ்வளவு சண்டை? ஒரு எயார் மெத்தை வாங்கினா விஷயம் முடிஞ்சுது. அதுதானே தானாப் புரட்டுது. இங்க கனடாவில கன வீட்டில இருக்கு. காசுதான் பிரச்சினை எண்டா வெளியில இருக்கிற பிள்ளையள் அனுப்பலாம்.

காலிவீதிக்காரன் | இரவு 7.52

வந்திட்டார். தம்பி, எயார் மெத்தை ஆளைப் புரட்டாது. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு வரிசைக் குழாய் ஊதும், மற்றது இறங்கும், அவ்வளவுதான். இடைவெளியைக் கூட்டலாம், புரட்டுறதை நிப்பாட்ட ஏலாது.

அதையும் இஞ்ச எப்பிடிப் பாவிக்கினம் எண்டு தெரியுமோ? பம்பில கிலோக் குமிழ் இருக்கும். ஆள் 50 கிலோ. “அம்மா தாழுறா” எண்டு 120க்குத் திருப்பி விடுவினம். மெத்தை பலகையாகும். அதுக்கு மேல ரெண்டு பெட்ஷீட், ரப்பர் ஷீட், பேட். காத்து எங்க, தோல் எங்க? எயார் மெத்தைக்கு மேல ஒரு மெல்லிய ஷீட், இறுக்கிச் செருகாம, அவ்வளவுதான் போட வேணும்.

கைச் சோதனை ஒண்டு இருக்கு. உள்ளங்கையை மேல பாக்க வைச்சு, எயார் மெத்தைக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவில, ஆளின்ர குண்டித்தட்டுக்கு நேர கீழ விட்டுப் பாருங்கோ. கைக்கு மேல ஒரு அங்குலமாவது காத்து இருக்க வேணும். எலும்பு கையில முட்டினா மெத்தை இருந்தும் இல்லாத கணக்கு.

கடைசியா, அது கரண்டில ஓடுற சாமான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டினவங்கள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாஞ்சு முழு நாடும் இருண்டது. கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் அந்தப் பம்பை ஒண்டு ரெண்டு மணித்தியாலம் இழுக்கும். அதுக்குப் பிறகு? குரங்கைக் கூப்பிட்டுப் புரட்டச் சொல்லுவியளோ?

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 8.01

ஆக, மெத்தைய நம்பக்கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப ரெண்டு மணித்தியாலம்தான். நன்றி.

காலிவீதிக்காரன் | இரவு 8.03

அப்பிடி நான் சொல்லேல்லை. வாயில சொல்லைத் திணிக்க வேண்டாம். போன மாசம் குளுக்கோமீட்டர் திரியிலயும் இதைத்தான் செய்தனீங்கள்.

தெமட்டகொட_நானா | இரவு 8.15

ரெண்டு பேரும் மணிக்கூட்டுலயே நிக்கிறீங்க. திரியோட தலைப்பு ஆள் வைக்கிற நேரம். புரட்டுறது ஒரு விஷயம்தானே? உம்மாவோ வாப்பாவோ தண்ணி குடிச்சதும் இருமுறாங்க, பேச்சு களகளன்னு ஈரமா வருது, சோத்த கன்னத்துல ஒதுக்கி வைக்கிறாங்க, ரெண்டு தடவ சும்மா சும்மா காய்ச்சல் வந்திருக்கு. சாப்பாடு நெஞ்சுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். மாத்திரைப் பெட்டியில செவ்வாக்கிழமைக் குளிச அப்படியே இருக்கு, புதன்கிழமைக் கட்டம் ரெண்டும் காலி. ராவு மூணு மணிக்கு முன்கதவத் திறக்கிறாங்க. ஒரு மாசத்துல 60 கிலோ 57 ஆகியிருக்கு. இதெல்லாம் படுக்கையில விழ முன்னமே வருது. இதப் பத்தி யாராவது?

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 8.20

நானா சொல்றது சரிதான், அதுக்கு வேற திரி திறங்க. இங்க பேசுறது புரட்டுறது.

பிசியோ_பம்பலப்பிட்டி | இரவு 8.44

இடைவெளியைப் பற்றியே சண்டை. எப்பிடிப் புரட்டுறது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. 90 பாகையில நேர்ப் பக்கமாச் சரிச்சா இடுப்பு மூட்டு எலும்பில முழுப் பாரமும் விழும். அங்கயும் புண் வரும். 30 பாகை போதும். முதுகுக்குப் பின்னால ஒரு தலையணி, முழங்காலுக்கு நடுவில ஒண்டு, கெண்டைக்காலுக்குக் கீழ ஒண்டு. குதிக்கால் மெத்தையில படாம அந்தரத்தில நிக்க வேணும். அடியில ஒரு கடுதாசி தடையில்லாமப் போனாச் சரி.

தோளில இருந்து தொடை மட்டும் வாற மாதிரி ஒரு ட்ரோ ஷீட் போட்டு, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நிண்டு தூக்கி நகர்த்த வேணும். தனி ஆள் கக்கத்தில கை போட்டு இழுத்தா, தோல் மெத்தையோட நிக்கும், எலும்பு மேல போகும். அந்த இழுவையில ஒரு தரத்தில கிழியும். என்னைக் கேட்டா ஆள் வைக்கிறதுக்கு அதுதான் அடையாளம்: வீட்டில ரெண்டாவது சோடிக் கை இல்லாட்டி.

இன்னொண்டு. மூக்கால குழாய் போட்டுப் பால் குடுக்கிற ஆளின்ர தலைப்பக்கம் 30 பாகையாவது உயர்ந்து இருக்க வேணும், குடுத்த பிறகும் அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை. அந்த நேரம் ஆள் மெல்ல மெல்லக் கீழ வழுக்கும், குண்டித்தட்டு உரசும். முதல்ல முழங்காலை உயர்த்திப்போட்டுத் தலையை உயர்த்துங்கோ. இந்த ஒழுங்கை மாத்திச் செய்யிற வீடுகள்தான் கூட.

காலிவீதிக்காரன் | இரவு 9.02

பிசியோவுக்கு நன்றி. இதுதான் என்ர வாதமும். ரெண்டு பேர் வேணும். ஏஜென்சிக்காரர் அனுப்புறது ஒரு ஆள். “24 மணித்தியால அட்டென்டன்” எண்டா 24 மணித்தியாலம் முழிச்சிருக்கிற ஆள் எண்டோ நினைக்கிறியள்? பகல் முழுக்கக் குளிப்பாட்டி, துடைச்சு, உடுப்புத் தோய்ச்ச பிள்ளை இரவு 2க்கும் 4க்கும் எழும்பாது. கொப்பியில மட்டும் 12 வரியும் ஒரே பேனையில, ஒரே கையெழுத்தில, ஒரே மூச்சில எழுதியிருக்கும். மிஸ்ஸி அக்கான்ர கணக்குக்கு ரெண்டு ஷிஃப்ட், நாலு ஆள். ஆரிட்டக் காசிருக்கு?

தோலைப் பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுறன். சிவந்த இடத்தை விரலால மூண்டு செக்கன் அமத்தி விடுங்கோ. வெளிறித் திரும்பச் சிவந்தா ரத்தம் ஓடுது. வெளிறாட்டி முதலாம் படிப் புண் தொடங்கிட்டுது. எங்கட கறுத்தத் தோலில சிவப்புத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில பக்கத்துத் தோலோட ஒப்பிட வேணும்: கூடக் கறுப்போ, ஊதாவோ, சூடோ, கல்லு மாதிரியோ, சேறு மாதிரியோ. புரட்டி அரை மணித்தியாலத்தில அடையாளம் மறைஞ்சா அந்த இடைவெளி அந்த ஆளுக்குப் போதும். மறையாட்டி ஒரு மணித்தியாலத்தைக் குறையுங்கோ. ஒருத்தருக்கு 4, ஒருத்தருக்கு 3, ஒருத்தருக்கு ஒண்டரையும் வரலாம்.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 9.10

ஒண்டரை! பாத்தீங்களா, ரெண்டுக்கும் கீழ போயிட்டார்.

காலிவீதிக்காரன் | இரவு 9.11

“வரலாம்” எண்டன்.

மட்டக்குளி_மாமி | இரவு 9.25

எந்த நாளும் ஸ்பிரிட் தேய்ச்சு, நல்லா உருவி, பௌடர் போட்டா புண் வராது. அந்தக் காலத்து மிஸ்ஸிமார் எல்லாரும் செஞ்சது. இப்ப எல்லாத்துக்கும் ஆய்வு.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 9.31

மாமி, அந்தக் காலத்துல எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க. அது பிழை. ஸ்பிரிட் தோலக் காய வைக்கும். சிவந்த இடத்த உருவினா உள்ள நசுங்கின ரத்தக் குழாய் இன்னும் கிழியும். பௌடர் வேர்வையில கட்டியாகி அரைக்கும். நடுவுல ஓட்டை வச்ச வளையத் தலையணியும் வேணாம், ஓட்டையச் சுத்தி நசுக்கும். இதமான தண்ணி, ஒத்தித் துடைக்கிறது, பம்பர்ஸ் படுற இடத்துக்கு ஸிங்க் கிறீம் மெல்லிசா. போதும்.

காலிவீதிக்காரன் | இரவு 9.34

ஸ்பிரிட்டுக்கு “பழைய பாடம் பிழை” எண்டு ஒத்துக்கொள்ளுறா. ரெண்டு மணித்தியாலமும் அதே பழைய பாடம்தான். இங்கிலாந்தில ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில டொக்டர் குட்மன் 1944ல முள்ளந்தண்டு அடிபட்ட சிப்பாய்களைப் புரட்டின காலத்து வழக்கம்.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 9.40

அந்தச் சிப்பாய்கள் பிழைச்சாங்கதானே?

ஸ்கார்பரோ_தம்பி | இரவு 9.52

ஆள் வைக்கிறதில பெரிய பிரச்சினை மொழி. வாற அட்டென்டன்மாருக்குத் தமிழ் தெரியாது. அம்மா “நோகுது” எண்டா அவைக்கு விளங்காது.

தெமட்டகொட_நானா | இரவு 9.58

கொழும்புல இருக்கிறவங்க சமாளிப்பாங்க. சிங்களத்துல “ரிதெனவா”ன்னா நோகுது, “வத்துர”ன்னா தண்ணி, இந்த ரெண்டு சொல் உம்மாவுக்குத் தெரியும். நீங்க அங்கிருந்து கவலப்பட வேணாம்.

ஸ்கார்பரோ_தம்பி | இரவு 10.03

ஸ்ட்ரோக் வந்து பேச்சுப் போனவருக்குமோ? காசு அனுப்பேக்க மட்டும் நாங்கள் வேணும்.

பம்பலப்பிட்டி_சட்டம் | இரவு 10.10

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை.

ஸ்கார்பரோ_தம்பி | இரவு 10.12

ஓ, இனி வழக்கும் போடுவினம்.

மட்டுறுத்துனர் | இரவு 10.20

மொழி, கனடா, சட்டம் மூன்றையும் வேறு திரிக்கு மாற்றுகிறேன். தலைப்பில் நில்லுங்கள்.

தெமட்டகொட_நானா | இரவு 10.31

சரி, தலைப்புல ஒரு கேள்வி. ஏஜென்சி ஆள் நாளைக்குக் காலையில வருதுன்னு வைங்க. வீட்டு ஆக்கள் முதல் அரை மணித்தியாலத்துல என்ன பாக்கணும்?

பிசியோ_பம்பலப்பிட்டி | இரவு 10.42

சான்றிதழ் பாருங்கோ, ஆனா அதோட நிக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால ஒருக்கா ஆளைப் புரட்டச் சொல்லுங்கோ. பிரேக் போடாமக் கட்டிலைத் தொட்டாலோ, ஆளுக்கு ஒரு சொல் சொல்லாமப் புரட்டினாலோ, சலக்குழாயில தொங்குற பையைத் தூக்கிக் கட்டிலில வைச்சாலோ, யோசியுங்கோ. பை எப்பவும் சலப்பைக்கு, அதாவது வயித்துக்குள்ள இருக்கிறதுக்கு, கீழ தொங்க வேணும், நிலத்தில படவும் கூடாது. மூக்குக் குழாய் கழண்டா “நானே போடுவன்” எண்டு சொல்லுற அட்டென்டனை அண்டைக்கே அனுப்புங்கோ. அது பயிற்சி பெற்ற தாதியின்ர வேலை. காத்தை ஊதி வயித்தில சத்தம் கேக்கிறது நம்பக்கூடிய சோதனை இல்லை. குழாயால உறிஞ்சி எடுத்த நீரின்ர புளிப்பு அளவு, அதாவது பிஎச், 5.5 அல்லது அதுக்குக் கீழ இருக்க வேணும்.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 10.50

அதோட, ராவுல எத்தன மணிக்கு எழும்புவீங்கன்னு கேளுங்க. “10, 12, 2, 4”னு தானாச் சொன்னா நல்ல பிள்ள.

காலிவீதிக்காரன் | இரவு 10.52

நல்ல பிள்ளையெண்டா திருப்பிக் கேக்கும்.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸி | இரவு 10.53

என்னான்னு?

காலிவீதிக்காரன் | இரவு 10.54

“எந்த மெத்தையில?” எண்டு.