தாய்ச்சியில் பாதம் திருப்பும்போது முழங்கால் வலி

வணக்கம். வயது 52. சிங்கப்பூர் தோ பாயோவில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலை 7 மணிக்கு ஒரு குழுவோடு தாய்ச்சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி) செய்கிறேன். 1956இல் சீனாவில், தாய்ச்சியின் ஒரு பிரிவான யாங் மரபிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொகுப்பு. தொடங்கி 14 மாதம் ஆகிறது. தூக்கம் சீரானது, படபடப்பு குறைந்தது. இதைக் கைவிட எனக்கு மனமே இல்லை.

ஆறு வாரமாக வலது முழங்காலின் உட்பக்கம் வலி. நடந்தால் இல்லை, படி இறங்கும்போது லேசாக. சுரீரென்று வருவது ஒரே இடத்தில்தான்: முழங்காலருகே கையை வீசி முன்னேறும் அசைவில், முன்பாதத்தின் நுனியை வெளிப்பக்கம் திருப்பும் நொடியில். பாதம் சிமெண்டுத் தரையில் ஒட்டி நிற்கிறது, இடுப்பு திரும்பிவிடுகிறது, முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்குகிறது.

இரண்டு வாரம் நிறுத்தினேன்; வலி போனது. மறுபடி தொடங்கிய மூன்றாம் நாளே வந்துவிட்டது. ரப்பர் அடிக்காலணியை விட்டு வழுவழுப்பான துணிக்காலணிக்கு மாறினேன். இப்போது முன்போல முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பதில்லை. மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, தேய்மானம் இல்லை என்றார். அவர் தந்த தொடைப் பயிற்சியும் செய்கிறேன். அப்புறம், பாதுவான்ஜின் சிகோங் (எட்டு அசைவுகள் கொண்ட சீன மூச்சு, உடற்பயிற்சி) செய்யும்போது வலியே இல்லை.

ஆசிரியை மாண்டரினில் விளக்குவது எனக்குப் பாதிதான் புரிகிறது. குழுவில் மூத்தவர்கள் இருவர் ஆளுக்கொரு விதமாகத் திருப்புகிறார்கள்.

பல வருடம் செய்பவர்கள் சொல்லுங்கள்: எடையை முழுதாகப் பின்காலுக்கு மாற்றிய பிறகுதான் முன்பாதத்தைத் திருப்புகிறீர்களா, எடை இருக்கும்போதேவா?