ரயில்வே மேம்பாட்டுப் பணியில் மூத்த தொலைத்தொடர்புப் பொறியாளருக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வி: சேலத்துப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். கைபேசி நிறுவனங்களுக்காக டவர் இடத்தேர்வு, ரேடியோ பிளானிங், டிரைவ் டெஸ்ட் ஆகிய வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ரயில்வேயில் கவச் என்ற தானியங்கி ரயில் பாதுகாப்பு அமைப்பை நிறுவும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று மூத்த தொலைத்தொடர்புப் பொறியாளர் பதவிக்கு என்னை அழைத்திருக்கிறது. நிலைய டவர்கள், கண்ணாடியிழை கேபிள், ரேடியோ சர்வே, பழைய இணைப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றுதல் என நான்கு பொறுப்புகளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். முதல் மூன்றும் எனக்குப் பழகியவை. நான்காவது எப்படி நடக்கும் என்பது எனக்குப் புரியவில்லை. கவச்சின் ரேடியோவுக்கு எல்டிஇ (4ஜி கைபேசித் தொழில்நுட்பம்) வரப்போவதாகவும் சொல்கிறார்கள். அப்படியானால் கவச் இன்று பயன்படுத்தும் யுஎச்எஃப் (மீயுயர் அதிர்வெண்) ரேடியோவில் செலவிடும் உழைப்பு வீணாகுமா? இத்துறையில் இருந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர், டெலிகாம்

வணக்கம் தம்பி. உங்களுக்குப் புரியாத அந்த நான்காவது பொறுப்புதான் இந்தப் பதவியின் முக்கால் பங்கு; மற்ற மூன்றையும் உங்களுக்குக் கீழே இருப்பவர்களே திறமையாகச் செய்துவிடுவார்கள்.

கவச் இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டவாளக் கட்டைகளில் பொருத்தப்பட்ட ஆர்எஃப்ஐடி டேக்குகளை (ரேடியோ மூலம் படிக்கக்கூடிய அடையாளச் சில்லுகளை) படித்து, இன்ஜின் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்ற அனுமதியை நிலையத்தில் உள்ள கருவி யுஎச்எஃப் அலைவரிசையில் அனுப்புகிறது. அந்த எல்லையை மீறும் நிலை வந்து ஓட்டுநர் பிரேக் போடாவிட்டால், கருவியே பிரேக் போடும். நிலையங்களை ஒன்றோடொன்று இணைப்பது கண்ணாடியிழை.

இவையெல்லாம் புதிதாக வருபவை. அதே பாதையோரத்தில், மண்ணுக்குள், ஆறு குவாட் (நான்கு கம்பிகள் கொண்ட ஆறு தொகுதிகள்) செப்புக் கேபிள் ஏற்கெனவே கிடக்கிறது. பிளாக் கருவி (இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் அனுமதிப்பது), கன்ட்ரோல் போன், லெவல் கிராஸிங் கேட் போன், அவசரத் தொலைபேசி என்று ரயிலை ஓட்டத் தேவையான பல இணைப்புகள் அதில்தான் போகின்றன. புதிய கேபிளுக்காகப் பள்ளம் தோண்டும் ஜேசிபி அந்தக் கேபிளை அறுத்தால் அடுத்த நிமிடமே அந்தப் பிரிவில் ரயில்கள் தாமதமாகத் தொடங்கும். ஆகவே, பழைய கேபிள் எங்கே, எந்த ஆழத்தில் போகிறது என்பதை ரயில்வேயின் சிக்னல், டெலிகாம் ஆட்களோடு சேர்ந்து நடந்து பார்த்து, குறித்து, கையெழுத்து வாங்கிய பிறகே தோண்ட அனுமதியுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பி ஒரு மீட்டர்கூடத் தோண்டாதீர்கள்.

சிக்னலையோ பிளாக் கருவியையோ தொடும் எந்த இணைப்பையும் கழற்றுவதற்கு முன், ரயில்வேயின் பொறுப்பாளர் நிலைய அதிகாரியிடம் டி/351 படிவத்தில் துண்டிப்பு அறிவிப்புக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். சோதித்து முடித்த பிறகு, மீண்டும் இணைத்ததையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரவில் வேலைக்காக ரயில்களை நிறுத்தித் தரும் பிளாக் நேரம் குறுகியது. பாதி வேலையில் நேரம் முடியும் போலிருந்தால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் தேவை என்பதை முன்பே கணக்கிட்டு, அந்த நேரம் வந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லும் உறுதி உங்களிடம் இருக்க வேண்டும். மூத்தவர் என்று ஒருவரை நியமிப்பதே இதற்காகத்தான் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி செல்வதால், அதற்கு இணையாகக் கிடக்கும் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். கேபிளின் உலோக உறையைச் சரியாக எர்த் செய்திருக்கிறார்களா என்று பார்க்காமல் யாரையும் கம்பி ஜோடியைத் தொட விடாதீர்கள்.

பதில் 2: இங்கிலாந்தில் ரயில்வே ரேடியோ பணியில் இருப்பவர்

ஐயா சொன்னதோடு ரேடியோ பக்கத்தையும் சேர்க்கிறேன். கைபேசி வலையமைப்பில் ஒரு பகுதியின் சராசரியைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ரயில்வேக்கான ஐரோப்பிய ரேடியோ அமைப்பான ஜிஎஸ்எம்-ஆரின் விதிமுறை, பாதையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் 95 சதவீத நிகழ்தகவுடன் குறிப்பிட்ட அளவு அலைவலிமை இருக்க வேண்டும் என்கிறது. குரலுக்கு அது மைனஸ் 98 டிபிஎம் (அலைவலிமையின் அலகு). இடிசிஎஸ் எனும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பின் இரண்டாம் நிலை இயங்கும் பாதையில், 220 கிலோமீட்டர் வேகம் வரை, மைனஸ் 95. ஐம்பது கிலோமீட்டர் நன்றாக இருந்து, மலையை வெட்டிய ஒரு வளைவில் மட்டும் குறைந்தாலும் அந்தப் பாதை தேறாது. கவச்சின் அலைவரிசையும் அளவுகளும் வேறு என்றாலும், சர்வேயை இந்த நோக்கில்தான் செய்ய வேண்டும்.

பழையதை அகற்றுவதில் உள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ள, 1988 டிசம்பர் 12 அன்று லண்டனின் கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே நடந்த விபத்தை அவசியம் படியுங்கள். சிக்னல் புதுப்பிப்புப் பணியில் கழற்றப்பட்ட பழைய கம்பி ஒன்று வெட்டப்படாமலும், முனை காப்பிடப்படாமலும் விடப்பட்டது. அது மீண்டும் முனையத்தைத் தொட்டதால் சிவப்புக் காட்ட வேண்டிய சிக்னல் சிவப்புக் காட்டவில்லை. 35 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பியைக் கழற்றிய தொழில்நுட்பப் பணியாளர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்றும், கம்பிகளை வேறொருவர் தனியாக எண்ணிச் சரிபார்க்கவில்லை என்றும் விசாரணையில் தெரியவந்தது. உங்கள் குழுவினரின் ஓய்வு நேரத்தையும் அந்த இரண்டாவது சரிபார்ப்பையும் ஒப்பந்தத் தேதியின் பெயரால் யாராவது குறைக்கக் கேட்டால், மறுத்துவிடுங்கள்.

சேலத்துப் பொறியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. எல்டிஇ பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் முடிவெடுக்க உதவும்.

ஓய்வுபெற்ற சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர், டெலிகாம்

ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆனால் 2024 ஜூலையில் ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்டிஎஸ்ஓ ஏற்றுக்கொண்ட கவச் 4.0 பதிப்பு யுஎச்எஃப் ரேடியோவில்தான் இயங்குகிறது. இன்று நிறுவப்படுவதும் அதுவே. எல்டிஇ வரும்போது ரேடியோப் பெட்டியும் ஆன்டெனாவும் மாறலாம், கூடுதல் டவர்களும் தேவைப்படலாம். நீங்கள் போடும் கண்ணாடியிழையும், கட்டும் டவர்களும், பிரிவு முழுவதும் நடந்து எடுத்த அளவுகளும் அப்போதும் பயன்படும். யுஎச்எஃப்பிலிருந்து எல்டிஇக்கு மாறும் வேலையும் ஓடுகிற ரயில்களுக்கு நடுவேதான் நடக்கப்போகிறது. அதற்கு இப்போதே கவச் பணியில் இருந்தவர்களைத்தான் முதலில் தேடுவார்கள். சேருவதற்கு முன், பிளாக் கோரும் விண்ணப்பத்தை யார் தயாரிப்பார், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்ற இரண்டையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.