எந்த்ரப்போ வணிகத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்கும் அண்டை நாடுகளுக்கும் 1819 முதல் 1965 வரை நடந்த வணிகத்தைப் பற்றிய பாடநூல் அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு சொல் மூன்று நாளாக வழிமறிக்கிறது: எந்த்ரப்போ. ‘இடையில் வைப்பது’ என்னும் பொருளில் பிறந்த பிரெஞ்சுச் சொல். ஒரு நாட்டுச் சரக்கு வந்து தங்கி, கைமாறி, வேறு நாட்டுக்குப் போகும் துறைமுகத்தைக் குறிக்கும். இந்தோனேசியத் தீவான சுலாவெசியிலிருந்து பூகிஸ் இன வணிகர்கள் பருவக்காற்றோடு பாய்மரக் கலங்களில் சிங்கப்பூருக்கு வந்து கடல் அட்டையும் ஆமை ஓடும் விற்றார்கள். துணியும் இரும்புச் சாமான்களும் வாங்கிச் சென்றார்கள். கடல் அட்டை சீனாவுக்குப் போகும். துணி இந்தியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது. முதலில் ‘மறுஏற்றுமதி’ என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே மூல ஆசிரியர் இரண்டையும் வேறுபடுத்துகிறார். உதவுங்கள்.

சென்னை, கல்லூரி ஆசிரியர்:

அம்மா, மறுஏற்றுமதி வணிகம் என்றே வைத்துவிடுங்கள். என் வகுப்பில் பலர் அவர்கள் வீட்டில் கல்லூரிக்கு வரும் முதல் ஆட்கள். கேட்டவுடன் புரியாத சொல்லை நாம் ஆக்கிக் கொடுத்தால், தேர்வறையில் தடுமாறுவது அவர்கள்தான்.

யாழ்ப்பாணம், பொருளியல் ஆசிரியர்:

நாங்கள் மீள் ஏற்றுமதி என்கிறோம். ஆனால் அது வேறு. கொழும்புத் துறைமுகத்தில் இந்தியாவுக்குரிய கொள்கலன்கள் பெரிய கப்பலிலிருந்து இறங்கிச் சிறிய கப்பலில் ஏறுகின்றன. அங்கே எவரும் அவற்றைத் திறந்து வாங்கி விற்பதில்லை. அது கப்பல் மாற்றம். மீள் ஏற்றுமதியில் சரக்கு நாட்டுக்குள் வந்து கணக்கில் ஏறி, பின் வெளியேறுகிறது. இவை இரண்டும் செயல்கள். எந்த்ரப்போ என்பது ஓர் இடம். அந்த இடத்தைச் சுற்றி வளர்ந்த ஏற்பாடு. தரம் பிரிப்பவர், கடன் கொடுப்பவர், காப்புறுதி செய்பவர், விலை நல்லதாகும்வரை சரக்கை வைத்திருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்று வேண்டும்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது சரி. இடப்பெயர் நம்மிடம் இருக்கிறது. சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் சோழர் துறைமுகமான புகாரைப் பாருங்கள்: நீரினின்று நிலத்தேற்றவும் நிலத்தினின்று நீர்ப்பரப்பவும் அளந்தறியாப் பல பண்டம் வந்து குவிகின்றன. ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும் அந்தப் பட்டியலில் உண்டு. காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதுகிறார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. அண்டை நாட்டு வணிகத்தை இதைவிடத் தெளிவாக யார் பாடினார்கள்? இடையில் உள்ள துறை, ‘இடைத்துறை’. இடைத்துறை வணிகம் என்று எழுதுங்கள்.

சென்னை, கல்லூரி ஆசிரியர்:

ஐயா, இன்று துறை என்றால் கல்வித்துறை, வருவாய்த்துறைதான் நினைவுக்கு வரும். ‘இடைத்துறை’ என்பதை இரண்டு அரசுத்துறைகளுக்கு இடைப்பட்டது என்றே மாணவர் வாசிப்பார். மேலும் புகாரில் சரக்கின் மேல் சோழரின் புலிப்பொறி வைத்து உல்கு, அதாவது சுங்கம், வாங்கினார்கள். சிங்கப்பூரோ 1819 முதல் சுங்கமில்லாத் துறைமுகம். பூகிஸ் வணிகர்கள் அங்கே திரண்டதற்கு அதுவே பெரிய காரணம்.

தஞ்சை, பேராசிரியர்:

உல்கு குறளிலேயே அரசன் பொருளாக எண்ணப்பட்டது. அதைத் தவிர்க்கவும் தமிழ் அரசனுக்குத் தெரிந்திருந்தது. முதற்குலோத்துங்கன் பெற்ற பெயரே சுங்கம் தவிர்த்த சோழன். துறை என்ற சொல்லை அலுவலகங்களுக்கு இரவல் கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கடற்கரையிலிருந்தே துரத்த வேண்டுமா? தூத்துக்குடிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர், வாசகர்:

மறுஏற்றுமதி என்பது புள்ளிவிவர அட்டவணையில் எண்கள் நிற்கும் ஒரு பத்தி. 1963இல் இந்தோனேசியாவோடு மோதல் வந்த பிறகு, அந்நாட்டுடன் நடந்த வணிகத்தின் எண்களைச் சிங்கப்பூர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியிடவில்லை. பத்தி இல்லாமலும் வணிகம் இருந்தது. பத்தியின் பெயரையா வணிகத்துக்கு வைப்பது?

எங்கள் ஊர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்திய இடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் ஆளுக்கொரு பெட்டியடி (பணப்பெட்டியும் கணக்கும் வைத்து உட்காரும் இடம்) போட்டு அமர்ந்து வட்டிக்குப் பணம் கொடுத்தன. சரக்கு வைக்கும் இடத்தின் பெயர் பணம் புரளும் இடத்துக்கும் ஆகிவந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் கேட்ட ‘ஏற்பாடு’ முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. கிட்டங்கி வணிகம் என்று சொல்லலாமே.

திண்டிவனம், வாசகர்:

கிட்டங்கி தெலுங்கிலும் உள்ள வடிவம். நமக்குக் கிடங்கு போதும். கிட என்னும் வேரிலிருந்து கிடங்கு. சரக்கு கிடக்கும் இடம். மலாயின் ‘குடாங்’ இதன் உறவு என்றும், அதன் வழியாகவே ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ வந்தது என்றும் சொல்வார்கள். சங்க நூல்களில் கிடங்கு என்றால் அகழி. எங்கள் ஊரை ஒட்டி ‘கிடங்கில்’ என்றே ஓர் ஊர் உண்டு, சிறுபாணாற்றுப்படை பாடும் அரசன் நல்லியக்கோடனுடைய ஊர். அகழியால் அப்பெயர் பெற்றதா என்று நெடுநாளாக யோசிக்கிறேன்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

‘கிடங்கில்’ ஊரைப் பற்றித் தனி இழையில் பேசுவோம், ஐயா. வியாழன் இரவு ஆகிவிட்டது. ‘இடைக்கிடங்கு வணிகம்’ என்று வைத்தால் யாருக்கு மறுப்பு? மூலச்சொல்லில் உள்ள ‘இடையில் வைப்பது’ அப்படியே கிடைக்கிறது. முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன்.

சென்னை, கல்லூரி ஆசிரியர்:

விளக்கத்தோடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். கிடங்கு மாணவருக்குத் தெரிந்த சொல்.

சிங்கப்பூர், வாசகர்:

கிட்டங்கிக்கு அடிக்குறிப்பில் ஓரிடம் கொடுங்கள். எனக்கும் சம்மதம்.

யாழ்ப்பாணம், பொருளியல் ஆசிரியர்:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன். ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். 1890இல் சிங்கப்பூரின் பிரானித் தீவில் உருக்காலை வந்தது. மலாயாவின் வெள்ளீயத் தாது அங்கே உருகிக் கட்டிகளாகிக் கப்பல் ஏறியது. அண்டை நாடுகளின் ரப்பரும் சிங்கப்பூரில் பதம் செய்யப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டது. கிடங்கில் பொருள் கிடக்கும், உருகாது. துறையில் எதுவும் நடக்கலாம். பேராசிரியர் ஐயாவின் சொல்லையே நான் என் வகுப்பில் பயன்படுத்தப்போகிறேன்.