பிரேக் விளக்குக்குக் கடுமையான விதிகள் தேவையா?

கேள்வி:
நேற்று மாலை குன்றக்குடி தாண்டித் திருப்பத்தூர் நோக்கிச் சென்றபோது, எனக்கு முன்னே போன சரக்கு வண்டி திடீரென நின்றது. அதன் பிரேக் விளக்கு இரண்டுமே எரியவில்லை. நான் மிதித்த மிதியில் காலில் இருந்த செருப்பே கழன்றுவிட்டது. விதிகளைக் கடுமையாக்கினால் இத்தகைய மோதல்கள் குறையுமா?

மறுமொழி 1:
குறையும், ஐயா. அமெரிக்காவில் 1986 மாடல் முதல் புதிய கார்களின் பின்புறத்தில், கண் மட்டத்தை ஒட்டிய உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் அந்நாட்டு அரசு நடத்திய ஆய்வில் பின்மோதல்கள் 4.3 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது. எண் சிறியதுதான், ஆனால் ஒரு விளக்கின் விலைக்கு அது பெரிய பலன்.

மறுமொழி 2:
எல்.இ.டி. விளக்கு, இழை பல்பைவிட ஏறத்தாழ 0.2 வினாடி முந்தி ஒளிர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆயினும் நம் பக்கத்தில் விதியைவிடப் பராமரிப்பே பெருங்குறை என்பேன். பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சிறு சுவிட்ச் பழுதானால், பல்பு நன்றாக இருந்தும் விளக்கு எரியாது.

கேள்வி கேட்டவர்:
தங்கள் பதிலைப் படித்தபின், என் காரைப் பின்புறமாகச் சுவரருகே நிறுத்தி மிதித்துப் பார்த்தேன். வலப்பக்கம் மட்டுமே சுவர் சிவந்தது.