மதினி வாங்கி வைத்திருக்கும் ரெட்டாட்ரூடைட் ஊசி: நெல்லையில் நல்ல டாக்டர் தேவை

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையில் என் மதினி உடம்பு குறைக்க, இன்னும் சோதனையில் இருக்கும் ரெட்டாட்ரூடைட் என்ற ஊசி மருந்தை ஆன்லைனில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி, லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்'. தானே கலந்து போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

2023-இல் வெளியான இந்த மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனையில், அதிக டோஸ் எடுத்தவர்களுக்கு 48 வாரத்தில் சராசரியாக 24 சதவீதம் எடை குறைந்தது உண்மைதான். ஆனால் இதயத் துடிப்பும் கூடியது. அங்கே டாக்டர்கள் கவனித்தார்கள். இங்கே குப்பிக்குள் இருப்பது அந்த மருந்துதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. மதினிக்கு ஏற்கெனவே பிரஷர் வேறு.

செமாகுளூடைட், டிர்செபடைட் என்ற எடை குறைப்பு மருந்துகள் இரண்டுக்கும் இந்தியாவில் அனுமதி உண்டே என்றேன். விலையைச் சொல்லி மறுக்கிறார். சரி, நான் சொன்னால் எடுபடாது. நெல்லையில் திட்டாமல் பொறுமையாகப் பேசும் ஹார்மோன் டாக்டர் யாரையாவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை முதல் ஊசி போடப் போகிறாராம், அதற்குள் சொல்லுங்கள்.