பிரவுசரிலேயே ஜிப் கோப்பைப் பிரித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்கள் செயலியில் பயனர்கள் ஸ்கேன் செய்த படங்களைப் பெரிய ஜிப் கோப்பாக ஏற்றுவார்கள். அது முழுசாக சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். அந்த வேலையை பிரவுசருக்கு மாற்றினோம். எஃப்ஃப்ளேட் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியே போதுமாக இருந்தது. அதன் அடிப்படைப் பகுதி சுமார் 8 கிலோபைட்தான். பாக்கோ என்ற இன்னொரு லைப்ரரியும் நம்பகமானதுதான், ஆனால் பல மடங்கு கனம்.

சின்னக் கோப்பு என்றால் மெமரியில் ஏற்றி மொத்தமாகப் பிரித்துவிடலாம். பல நூறு மெகாபைட் வந்தால் மொபைலில் டேப் தாங்காது. இங்கே ஜிப்பின் அமைப்பே கைகொடுத்தது. அதன் கோப்புப் பட்டியல் இருப்பது கடைசியில். ஸ்லைஸ் செய்து கடைசி 65,557 பைட்டை மட்டும் எடுத்தோம்: முடிவுப் பதிவு 22 பைட், அதன் பின்னால் வரக்கூடிய குறிப்பு அதிகபட்சம் 65,535. அதற்குள் பின்னாலிருந்து அந்தப் பதிவின் தொடக்க அடையாளமான 80, 75, 5, 6 என்ற நான்கு பைட்டைத் தேட வேண்டும். முதல் இரண்டும் 'பி', 'கே' எழுத்துகள், 1989-இல் பிகேஜிப் என்ற ஜிப் மென்பொருளை வெளியிட்ட ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும். அப்புறம் பயனர் தொட்ட படத்தின் துண்டை மட்டும் வெட்டி விரித்தால் போதும். பட்டியல் உடனே திரையில் வருவதைப் பார்த்தபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் 30 பைட் தலைப்பு, பிறகு பெயர், பிறகு கூடுதல் தகவல் இருக்கும். இந்தக் கூடுதல் தகவலின் நீளம் பட்டியலில் ஒன்றாகவும் தலைப்பில் வேறாகவும் இருக்கலாம். தரவு தொடங்கும் இடத்தைத் தலைப்பைப் படித்துத்தான் கணக்கிட வேண்டும். அளவை மட்டும் பட்டியலிலிருந்து எடுங்கள். தலைப்பில் சில சமயம் பூஜ்யம்தான் இருக்கும்.

*

எங்களுக்குத் தலைவலி கோப்புப் பெயர்தான். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ள கொடிகளில் 11-ஆவது பிட் போட்டிருந்தால் பெயர் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும். இல்லாவிட்டால் பழைய 437 எழுத்துத் தொகுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பிட்டைப் போடாமலே யுடிஎஃப்-8-இல் எழுதும் கருவிகளும் உண்டு. அதனால் முதலில் யுடிஎஃப்-8 என்றே கண்டிப்பாகப் படித்துப் பார்த்து, பிழை வந்தால் மட்டும் பழையதற்குப் போகிறோம். பெயர்கள் இப்போது சரியாக வருகின்றன.

*

லைப்ரரியே இல்லாமலும் முடிகிறது. சுருக்கிய தரவை விரிக்க பிரவுசரிலேயே இருக்கும் டிகம்ப்ரெஷன்ஸ்ட்ரீம் 2023-இல் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் வந்துவிட்டது. ஆனால் வடிவம் 'டிஃப்ளேட்' என்று கொடுத்தால் பிழைதான் வரும், ஏனென்றால் அது தரவின் முன்னால் ஸீலிப் என்ற உறை வடிவத்தின் தலைப்பை எதிர்பார்க்கிறது. ஜிப்புக்குள் இருப்பது அந்தத் தலைப்பு இல்லாத, டிஃப்ளேட் முறையில் சுருக்கிய வெறும் தரவு, அதனால் 'டிஃப்ளேட்-ரா' என்று கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அளவுக்கு வரம்பு வைக்காமல் யாரும் வெளியிடாதீர்கள். டிஃப்ளேட்டில் ஒரு பைட் ஆயிரத்துக்கும் மேலாக விரியக்கூடும். பட்டியலில் போட்டிருக்கும் அளவு பொய்யாகவும் இருக்கலாம். அதை நம்பாமல், விரிந்து வரும் பைட்டுகளை ஓட்டத்திலேயே எண்ணி, வரம்பு தாண்டியதும் நிறுத்துகிறேன்.